மருத்துவ அறிவு நம்மை வந்தடைந்த வரலாறு: ஒரு பத்திரிகையாளனின் திருத்தக் குறிப்பு

2024 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள், ரொறன்ரோவில் வசிக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழுப்பேறிய பத்திரிகை நறுக்கு ஒன்றின் ஒளிப்படம். "அண்ணா, இது நீங்கள் எழுதினதுதானே? எங்கட குறூப்பில வந்தது" என்று கீழே கேட்டிருந்தாள்.

நான் எழுதியதுதான். 1997 இல் கொழும்பிலிருந்து வெளிவந்த தமிழ்த் தினசரி ஒன்றில் நான் உதவி ஆசிரியராக இருந்தேன். வாரம் ஒருமுறை மருத்துவப் பக்கம் தயாரிக்கும் பொறுப்பும் என்னுடையது. அப்பக்கத்தில் குழந்தைகளின் வயிற்றோட்டம் பற்றி எழுதிய கட்டுரை அது. 'அந்தக் காலத்து நல்ல மருத்துவக் குறிப்பு, இளம் தாய்மாருக்கு அனுப்புங்கள்' என்ற வேண்டுகோளை யாரோ ஒரு புண்ணியவான் அதன் கீழ்ச் சேர்த்திருந்தார். பலமுறை பகிரப்பட்டது என்ற அடையாளமும் காணப்பட்டது.

கால் நூற்றாண்டு கடந்தும் தன் எழுத்து வாழ்கிறது என்று எழுதியவன் மகிழ்ந்திருக்கலாம். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. அக்கட்டுரை பிழையானது. அது பிழை என்பதை நான் 1997 ஆம் ஆண்டிலேயே அறிவேன். அப்போதே திருத்தமும் வெளியிட்டோம். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் பிழை கடல் கடந்து பயணம் செய்துகொண்டிருக்கிறது. திருத்தத்தை எங்கும் காணோம்.

அச்சிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து கைத்தொலைபேசிக்கும் அறிவு இடம்பெயர்ந்த ஒரு காலத்தின் கதை இந்தச் சிறு சம்பவத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதனை எழுதி வைப்பது என் கடன் என்று தோன்றுகிறது.

பிழை நேர்ந்த விதம்

நான் கலைப் பட்டதாரி. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் காகிதம்கூட அரிதாகியிருந்தது. பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாள்களில் அச்சாகின. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் நூலகப் புத்தகங்களைக் கையால் பிரதியெடுத்துப் படித்த தலைமுறை எங்களுடையது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின்னர் கொழும்பு வந்து பத்திரிகையில் சேர்ந்தேன்.

மருத்துவப் பக்கம் என் கைக்கு வந்ததற்குக் காரணம் ஆங்கிலத்திலிருந்து விரைவாக மொழிபெயர்ப்பேன் என்பது மட்டுமே. என்னிடமிருந்த மூலங்கள் மூன்று. செய்தி நிறுவனங்களின் துணுக்குகள் ஒன்று. நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் மற்றொன்று. மூன்றாவது, ஆசிரிய பீடத்தின் அலுமாரியில் இருந்த தடித்த குடும்ப மருத்துவ நூல். அது பிரித்தானியாவில் 1950களில் அச்சானது. வயிற்றோட்டம் கண்ட குழந்தையின் குடலுக்கு ஓய்வு தேவை, ஒரு நாளேனும் பாலையும் உணவையும் நிறுத்த வேண்டும் என்று அந்நூல் கூறியது. நான் அதனை நல்ல தமிழில் எழுதினேன். தமிழ் நன்றாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

மூன்று வாரங்களின் பின்னர் மட்டக்களப்பு படுவான்கரையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். அவருடைய பிரிவிலிருந்த தாய் ஒருவர் என் கட்டுரையை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒன்பது மாதக் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டதும், படித்தபடியே தாய்ப்பாலை நிறுத்தியிருக்கிறார். மறுநாள் மாலை குழந்தையின் கண்கள் உட்குழிந்து, அழும்போது கண்ணீரும் வராத நிலையில், 'பாதை' என்று அங்குள்ளோர் அழைக்கும் மிதவையில் வாவியைக் கடந்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றிருக்கிறார்கள். போர்க்காலம், சோதனைச் சாவடிகள் வேறு. கடிதத்தின் கடைசி வரிகளை நான் மறக்கவில்லை. "பிள்ளை தப்பிவிட்டது ஐயா. அடுத்த பிள்ளைக்காக இதை எழுதுகிறேன்." கடிதத்தோடு வெறுமையான 'ஜீவனி' உறையொன்றையும் இணைத்திருந்தார்.

வயிற்றோட்டத்தின்போது தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. உணவையும் நிறுத்தக்கூடாது. இழந்த நீரையும் உப்பையும் ஜீவனி போன்ற கரைசலால் ஈடு செய்ய வேண்டும். குழந்தை சோர்ந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதுவே சரியானது. அடுத்த வாரம் பக்கத்தின் அடியில் சிறு பெட்டிச் செய்தியாக இதை வெளியிட்டோம்.

உண்மை எங்கே இருந்தது?

பின்னாளில் தேடிப் பார்த்தபோது என்னை வெட்கப்படுத்திய விடயம் ஒன்றுண்டு. நான் அறியாதிருந்த உண்மை புதியதன்று. சர்க்கரையும் உப்பும் சேர்ந்த கரைசலை வாயால் குடிக்கக் கொடுத்தே வாந்திபேதி நோயாளர்களின் நீரிழப்பை ஈடுசெய்யலாம் என்பதை, டாக்காவிலிருந்த வாந்திபேதி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய இளம் மருத்துவர்கள் 1968 இல் லான்செற் ஆய்விதழில் எழுதிவிட்டனர். 1971 இல் வங்கதேச யுத்தத்தின்போது, எல்லையோர நகரான பொங்கானின் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் திரவம் தீரும் நிலைக்கு வந்தபோது, திலீப் மகலனபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர் இக்கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, நோயாளரின் உறவினர்களிடமே குடிக்கக் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 30 சதவீதமளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு வீழ்ந்தது. கரைசலைத் தயாரிக்கும் முறை இரகசிய வானொலியொன்றிலும் ஒலிபரப்பானது. அவரது ஆய்வுக் கட்டுரை 1973 இல் வெளிவந்தது. 1978 இல் லான்செற் ஆசிரிய தலையங்கம் இதனை அந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என்று மதிப்பிட்டது.

முகாமில் இருந்த எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு 1971 இல் வானொலி வழியாகக் கிடைத்த உண்மை, 1997 இல் கொழும்பில் மேசையும் அகராதியும் வைத்துக்கொண்டிருந்த பட்டதாரிக்குக் கிடைக்கவில்லை. என் சோம்பலும் அதற்கொரு காரணம். தொலைபேசியை எடுத்து ஒரு குழந்தை வைத்திய நிபுணரைக் கேட்டிருந்தால் போதும். ஆனால் என்னை மட்டும் குற்றஞ்சாட்டினால் கதை முழுமை பெறாது. வெளியிடப்பட்ட உண்மைக்கும் அதனைத் தேவைப்படுவோருக்கும் இடையில் சில சுவர்கள் இருந்தன. தொழில்நுட்பம் அவற்றுள் எவற்றை உடைத்தது, எவற்றை விட்டுவைத்தது என்று பார்ப்போம்.

தேடுதலின் வரலாறு

1665 மார்ச்சில் லண்டனில் றோயல் சங்கத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க் 'பிலோசொபிக்கல் ட்ரான்சாக்ஷன்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அதற்கு முன் அறிஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களிலேயே புதிய கண்டுபிடிப்புகள் பயணம் செய்தன. அச்சு அக்கடிதங்களைப் பொதுவாக்கியது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இதழ்கள் பெருகி, எதில் என்ன இருக்கிறது என்பதை எவரும் அறிய முடியாத நிலை தோன்றியது.

அமெரிக்க இராணுவ மருத்துவரான ஜோன் ஷோ பில்லிங்ஸ் 1879 இல் 'இன்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற மாதாந்த அட்டவணையைத் தொடங்கினார். உலகின் மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளைப் பொருள்வாரியாக வகுத்துப் பட்டியலிடும் வேலை அது. இந்த அட்டவணையைத் தயாரிப்பதற்கே 1964 இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1971 இல் தொலைபேசிக் கம்பி வழியாகத் தேடக்கூடிய மெட்லைன் வந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற நூலகரும் கட்டணமும் தேவைப்பட்டன. 1996 இல் பப்மெட் இணையத்தில் தோன்றியது. 1997 ஜூன் 26 ஆம் திகதி, அன்றைய அமெரிக்க உப ஜனாதிபதி அல் கோர் முன்னிலையில், அது உலகம் முழுவதற்கும் இலவசமாக்கப்பட்டது. நான் என் பிழையை எழுதிய அதே ஆண்டு. கொழும்பில் எங்கள் அலுவலகத்தில் அப்போது இணைய இணைப்பு இருக்கவில்லை.

அச்சுவடிவ இன்டெக்ஸ் மெடிக்கஸ் 2004 டிசெம்பருடன் நின்றது. இன்று பப்மெட்டில் 3 கோடி 70 இலட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன. இக்கட்டுரையை எழுதும்போது மகலனபிஸின் ஆய்வைக் கைத்தொலைபேசியில் தேடினேன். தேநீர் ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. தேடுதல் என்ற சுவர் உண்மையாகவே வீழ்ந்துவிட்டது எனலாம்.

விலையின் சுவர்

தேடிக் கண்டுபிடிப்பது வேறு, வாசிப்பது வேறு. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஆய்விதழ் வெளியீடு பெரும் வணிகமாக வளர்ந்தது. இவ்வணிகத்தின் விசித்திரத்தைப் பத்திரிகைக்காரன் ஒருவனால் எளிதில் நம்ப முடியாது. கட்டுரை எழுதுபவருக்குச் சம்பளம் இல்லை. அதை மதிப்பிடும் சக அறிஞருக்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை. ஆய்வுக்கான பணம் பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். இறுதியில் அக்கட்டுரையை வாசிக்கப் பல்கலைக்கழக நூலகம் பெருந்தொகை கொடுக்க வேண்டும். 2012 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகமே, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 37.5 இலட்சம் டொலர் செலவாகும் இச்சந்தாக்களைத் தாங்க இயலாது என்று தன் பேராசிரியர்களுக்கு அறிவித்தது. ஹார்வார்ட்டின் நிலை அதுவென்றால், திருநெல்வேலியிலும் வந்தாறுமூலையிலும் உள்ள நம் பல்கலைக்கழக நூலகங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்குரல் முதலில் இயற்பியலில் எழுந்தது. 1991 இல் போல் கின்ஸ்பார்க் தொடங்கிய மின்காப்பகத்தில் இயற்பியலாளர்கள் தம் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே இலவசமாக வைக்கத் தொடங்கினர். 2000 இல் பப்மெட் சென்ட்ரல் முழுக் கட்டுரைகளுக்கான இலவசக் களஞ்சியமாகத் திறந்தது. 2002 பெப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் 'திறந்த அணுக்கம்' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் தந்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் வெளியீட்டாளர்களும் இணைந்து, வறிய நாடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ மருத்துவ இதழ்களை வழங்கும் ஹினாரித் திட்டத்தைத் தொடங்கினர். பொறுமையிழந்தோர் வேறு வழி கண்டனர். கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியன் என்ற இளம்பெண் 2011 இல் தொடங்கிய சை-ஹப், பூட்டிய கட்டுரைகளை அனுமதியின்றி அள்ளிக் கொடுத்தது. பதிப்புரிமை வழக்குகள் அதைத் தொடர்கின்றன. இந்திய அரசோ 2024 நவம்பரில், ஏறத்தாழ 13,000 இதழ்களை நாட்டின் அரச உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் சேர்த்து வாங்க, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி இந்திய ரூபாயை ஒதுக்கியது.

இங்கே ஒரு திருப்பம் நேர்ந்தது. வாசகனுக்குக் கதவைத் திறந்த சில வெளியீட்டாளர்கள், எழுதுபவனிடம் கட்டணம் கேட்கத் தொடங்கினர். புகழ்பெற்ற நேச்சர் இதழ் 2021 இல் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ நிர்ணயித்தது. எங்கள் நாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம். முன்பு படிக்க முடியாதிருந்தவர் இப்போது படிக்கிறார், ஆனால் எழுத முடியாது நிற்கிறார். இந்த இடைவெளியில் பணத்தைப் பெற்றுக்கொண்டு எதையும் மதிப்பிடாமல் வெளியிடும் போலி இதழ்கள் பெருகியிருப்பதையும் மறைப்பதற்கில்லை.

நூலகம் என்னும் காவல்

அறிவைத் தேடவும் வாங்கவும் முடிந்தால் போதாது. அது அழியாமல் இருக்க வேண்டும். இதை யாழ்ப்பாணத்தவனுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1933 இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் அதற்கு ஆலோசனை வழங்கினார். 1959 இல் புதிய கட்டிடம் திறக்கப்பட்டது. 1981 மே 31 ஆம் திகதி இரவு தொடங்கி ஜூன் 1 ஆம் திகதிக்குள் அது எரிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர் நீத்தார்.

எனக்கு அப்போது வயது பதினொன்று. சிறுவர் பகுதியில் இரவல் பெற்ற புத்தகம் ஒன்று கொக்குவிலில் எங்கள் வீட்டில் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய திகதி கடந்திருந்தது. தண்டப்பணத்துக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தேன். நூலகம் எரிந்தது, அந்தப் புத்தகம் தப்பியது. அது வெளியே இருந்ததனால் மட்டுமே தப்பியது. 1995 இடப்பெயர்வில் அதையும் தொலைத்தோம்.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எதுவும் பாதுகாப்பானதன்று என்ற பாடத்தை நாம் பெருவிலை கொடுத்துக் கற்றோம். 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய நூலகம் திட்டமும் அப்பாடத்தைச் செயலாக்கின. நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளும் பல்லாயிரக்கணக்கில் வருடப்பட்டு, உலகின் எந்த மூலையிலிருந்தும் வாசிக்கும் நிலை இன்று உண்டு. தன்னார்வலர்கள் ஊதியமின்றிச் செய்த இப்பணியின் பெறுமதியை அடுத்த தலைமுறை இன்னும் நன்றாக உணரும்.

எனினும் இலத்திரனியல் பிரதி என்றால் அழிவில்லை என்று எண்ணுவது பேதைமை. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர் முடக்கினர். 2024 ஜனவரி நடுப்பகுதி வரை அதன் பட்டியலைக்கூட இணையத்தில் தேட முடியவில்லை. தீ வைக்காமலே உலகின் மாபெரும் நூலகங்களுள் ஒன்றை மூடிவிட்டார்கள். 2024 ஒக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் செயலிழந்தது. பல இடங்களில் பல பிரதிகளை வைத்து ஒன்றோடொன்றை ஒப்பிட்டுக் காக்கும் முறையை ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 1999 இலேயே தொடங்கியது. பழைய காலத்தில் ஏட்டைப் பிரதி பண்ணி ஊரூராகக் கொடுத்து வைத்த நம் முன்னோரின் வழியும் அதுதான்.

மொழியின் சுவர்

தேடுதல் எளிதாயிற்று, விலை ஓரளவு குறைந்தது, காவல் பெருகியது. இத்தனைக்கும் பின்னர் படுவான்கரைத் தாய்க்கு என்ன கிடைத்தது? பப்மெட்டின் கதவு அவருக்கும் இலவசமாகத் திறந்தே இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலம்.

இந்தச் சுவரை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் 1822 இல் பிறந்தவர். 1847 இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக இலங்கை வந்து, 1848 இல் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். வாந்திபேதி யாழ்ப்பாணத்தை அடிக்கடி வாட்டிய காலம் அது. முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் அரச உத்தியோகம் நாடிக் கிராமங்களை விட்டு அகல்வதைக் கண்டார். 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலானார்.

அதற்கு நூல்கள் வேண்டும், நூல்களுக்குக் கலைச்சொற்கள் வேண்டும். கிறீனும் அவருடைய மாணவர்களும் அவ்விரண்டையும் ஆக்கினர். 'இரண வைத்தியம்' 1867 இலும், கிறேயின் உடற்கூற்றியலின் தமிழ் வடிவமான 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும், 'கெமிஸ்தம்' 1875 இலும், 'மனுஷ சுகரணம்' 1883 இலும் வெளிவந்தன. 60க்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்களை அவர் உருவாக்கினார். 1873 இல் நாடு திரும்பிய பின்னரும் அச்சுப் பணியைத் தொடர்ந்தார். 1884 இல் காலமானார்.

1870 இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. வேலைவாய்ப்பு அதன் பக்கம் இருந்தது. மானிப்பாயின் தமிழ் வழி அத்தோடு தேய்ந்தது. அந்நூல்கள் தொடர்ந்து திருத்தப்பட்டுப் புதிய பதிப்புகள் கண்டிருந்தால், 1997 இல் என் மேசையில் பிரித்தானியரின் பழைய புத்தகத்துக்குப் பதிலாக ஒரு தமிழ் மருத்துவ நூல் இருந்திருக்கும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. இன்று கிறீனின் நூல்கள் சில வருடப்பட்ட வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. காப்பகம் அவற்றைக் காத்துவிட்டது. தொடர்ச்சியை எவரும் காக்கவில்லை.

வெற்றிடத்தை வேறெதுவோ நிரப்புகிறது. 2020 டிசெம்பரில் கொரோனாவைத் தீர்க்கும் பாணியொன்று கேகாலையில் கிடைக்கிறது என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியதும், ஆயிரக்கணக்கானோர் நோய்த்தொற்று விதிகளையும் மறந்து அங்கே திரண்டனர். அதைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சரே 2021 ஜனவரியில் தொற்றுக்கு உள்ளானார். நம் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரும் மருந்துக் குறிப்புகளும் இதே இனத்தவை. அவை இனிய தமிழில், எளிய வசனங்களில், இலவசமாக வருகின்றன. உண்மை கடினமான ஆங்கிலத்தில் எங்கோ தொலைவில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் எது வெல்லும் என்பதை என் கட்டுரையே எனக்குக் காட்டிவிட்டது.

திருத்தம் போகாத இடம்

கடைசியாக ஒன்று. தவறு மருத்துவ இதழ்களிலும் நேர்கிறது. தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்புண்டு என்ற ஐயத்தைக் கிளப்பிய அன்ட்ரூ வேக்பீல்டின் கட்டுரை 1998 இல் லான்செற்றில் வெளியானது. பன்னிரண்டு குழந்தைகளை மட்டுமே ஆராய்ந்த அக்கட்டுரையை முழுமையாக மீளப்பெற 2010 பெப்ரவரி வரை, பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2020 மே 22 ஆம் திகதி அதே இதழில் கொரோனாவுக்கான ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி வெளியான கட்டுரையின் தரவுகளை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் இணையத்தில் கேள்விக்குட்படுத்தினர். ஜூன் 4 ஆம் திகதி அது மீளப்பெறப்பட்டது. பதின்மூன்று நாட்கள். இணையத்தால் விளைந்த நன்மையை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டுமா?

அதைவிட முக்கியம், இன்று பப்மெட்டில் வேக்பீல்டின் கட்டுரையைத் தேடினால் 'மீளப்பெறப்பட்டது' என்ற எச்சரிக்கை அதனுடனேயே வரும். பிழையும் திருத்தமும் பிரியாதபடி பிணைத்து வைக்கும் ஒழுங்கு அது. நம் பத்திரிகைகளிடம் இந்த ஒழுங்கு இருந்ததில்லை. பிழை முழுப்பக்கத்தில் வரும், திருத்தம் வேறொரு நாளின் மூலையில் வரும். பக்கங்கள் வருடப்படும்போது அவை படங்களாகவே சேமிக்கப்படுகின்றன. ஒன்றைப் பார்ப்பவருக்கு மற்றது இருப்பதே தெரியாது. அறிவையும் அறியாமையையும் ஒரே பரிவோடு காப்பதுதான் காப்பகத்தின் இயல்பு. எது எதுவென்று குறித்து வைப்பது எழுதியவனின் வேலை.

இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் தமிழிலேயே கேள்வி கேட்டுத் தமிழிலேயே விடை பெறும் வசதியைத் தந்துள்ளன. கிறீன் கனவு கண்ட காரியத்தை இயந்திரம் செய்யத் தொடங்கியிருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் அவ்வியந்திரங்கள் நாம் எழுதி வைத்தவற்றிலிருந்தே கற்கின்றன. தமிழில் என் 1997 ஆம் ஆண்டுக் கட்டுரை இருந்து, அதன் திருத்தம் இல்லாவிட்டால், அவை எதைக் கற்கும்?

தங்கைக்கு அன்றே பதில் எழுதினேன். அக்கட்டுரை பிழையென்றும், சரியானது எதுவென்றும் ஆறு வரிகளில் எழுதி, அதே குழுவில் என் பெயருடன் போடச் சொன்னேன். போட்டாள். மூன்று பேர் நன்றி சொன்னார்களாம். ஒருவர் மட்டும், "பழைய ஆட்கள் சொன்னது பிழைக்காது" என்று எழுதியிருந்தாராம்.

அந்தக் குடும்பநல உத்தியோகத்தர் இன்று ஓய்வு பெற்றிருப்பார். குழந்தைக்கு இருபத்தெட்டு வயதாகியிருக்கும். யுத்தத்தையும் சுனாமியையும் கடந்து வந்திருந்தால், அதற்கும் ஒரு குழந்தை இருக்கக்கூடும். அடுத்த பிள்ளைக்காக எழுதுகிறேன் என்றாரே அந்த அம்மையார், அந்தப் பிள்ளைக்காகவே இந்தத் திருத்தத்தை மீண்டும் எழுதுகிறேன். இதைப் படிப்போர் அந்தப் பழைய நறுக்கை எங்கேனும் காண நேர்ந்தால், இதையும் அதனுடன் சேர்த்து அனுப்பி உதவ வேண்டும்.